நிறத்தின் உரிமை யாருக்கு?

இணையப் பக்கத்தில் எழுத்தின் நிறத்தை நிரலால் மாற்றுவது, ஜாவாஸ்கிரிப்ட் பயிலும் மாணவர் செய்யும் முதல் பயிற்சிகளுள் ஒன்று. ஒரே வரியில் முடியும் அச்செயலுக்குப் பின்னால், பக்கத்தை ஆக்கியோருக்கும் அதைப் படிப்போருக்கும் இடையிலான நெடிய உரிமைச் சிக்கல் ஒன்று உண்டு.

தொடக்ககால உலாவிகளில் எழுத்தின் தோற்றத்தைப் பெரும்பாலும் வாசகரின் கணினியே தீர்மானித்தது. 1995இல் வெளிவந்த நெட்ஸ்கேப் 1.1, எழுத்து, பின்னணி, இணைப்பு ஆகியவற்றின் நிறங்களைக் குறிக்கும் உரிமையை ஆக்கியோருக்கு அளித்தது. அதற்கு முந்தைய ஆண்டே, செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய ஹோகோன் வியூம் லீ நடுவழி ஒன்றை முன்மொழிந்திருந்தார். ஒவ்வொரு தோற்ற விதியிலும் தம் விருப்பத்துக்கு எத்தனை விழுக்காடு செல்வாக்கு வேண்டும் என்பதை இருதரப்பாரும் குறிப்பிடலாம் என்பதே அது. அம்முன்மொழிவிலிருந்து வளர்ந்த சிஎஸ்எஸ் 1996 டிசம்பரில் தரமாக ஏற்கப்பட்டது. விழுக்காட்டுக் கணக்கு அதில் இடம்பெறவில்லை.

1995 மே மாதத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் முதல் வடிவம் தந்த மொழியே பின்னர் ஜாவாஸ்கிரிப்ட் ஆயிற்று. அது இடம்பெற்ற நெட்ஸ்கேப் 2இல், பக்கம் திரையில் அமைந்த பின் எழுத்தின் நிறத்தை மாற்ற இயலாது. 1997இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 அத்தடையை நீக்கியது. ஒற்றைச் சொல்லின் நிறத்தையும் வாசகரின் கண்முன்னே மாற்ற முடிந்தது. ஆனால் நெட்ஸ்கேப்புக்கு வேறு நிரல் எழுத வேண்டியிருந்தது. 1998இலும் 2000இலும் வெளியான டாம் தரங்களே பொதுவழியை வகுத்தன.

நிறத்தை மாற்றத் தெரிந்த நிரலுக்கு அதைப் படிக்கவும் தெரியும் என்பதே இவ்வரலாற்றின் திருப்பம். வாசகர் முன்பே சென்ற இணைப்பு ஊதாவாகவும் செல்லாதது நீலமாகவும் தோன்றுவது பழைய வழக்கம். ஒரு பக்கம் நூற்றுக்கணக்கான இணைப்புகளை மறைவாக வைத்து, ஒவ்வொன்றின் நிறத்தையும் நிரலால் கேட்டறிந்தால், அவர் எந்த வங்கியின் தளத்துக்குச் சென்றார், எந்த நோயைப் பற்றிப் படித்தார் என்பதெல்லாம் அவர் அறியாமலேயே வெளிப்பட்டுவிடும். வாசகரின் வசதிக்கென வைத்த நிறமே அவரைக் காட்டிக்கொடுத்தது.

2010இல் மொசில்லாவின் டேவிட் பேரன் இதற்கொரு தீர்வை அறிவித்தார். சென்ற இணைப்பு வாசகரின் கண்ணுக்கு ஊதாவாகவே தெரியும். நிரல் கேட்டால், செல்லாத இணைப்பின் நிறத்தையே உலாவி சொல்லும். 2011இல் வெளியான ஃபயர்பாக்ஸ் 4 இம்முறையோடு வந்தது. பிற உலாவிகளும் இதனை ஏற்றன.

ஆக்கியோர் கையிலிருந்து நிறத்தை மாற்றும் உரிமை பறிக்கப்படவில்லை. வாசகரின் தடத்தை அதன்வழி அறியும் உரிமை மட்டும் மறுக்கப்பட்டது. இருதரப்புக்கும் இடையே நின்ற உலாவி, வாசகரின் பக்கம் சாய்ந்து நிரலிடம் பொய்யுரைக்கத் துணிந்தது. தொழில்நுட்ப வரலாற்றைப் பயில்வோர், ஒரு வசதி யாருக்கு எதைச் செய்யத் தருகிறது என்பதோடு, யாரைப் பற்றி எதை அறியத் தருகிறது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.