இருபது மீட்டர் கம்பி

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் விடிகாலையில் நடந்தால், தெரு நெடுகப் பட்டுப் பாவை நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். மூன்று சேலைக்கான பாவு ஏறக்குறைய அறுபது அடி வரும். 1942இல் பம்பாயில் சிலருக்குத் தலைவலியாக இருந்ததும் இந்த நீளம்தான். 42.34 மீட்டர் சிற்றலையை நன்றாக வீச அரை அலை நீளக் கம்பி, அதாவது சுமார் 20 மீட்டர் வேண்டும். அவ்வளவு நீளத்தை வீட்டுக்குள் சுருட்டி ஒளிக்க முடியுமா?

அந்த ஆண்டு ஆகஸ்ட் 8 அன்று 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம். மறுநாள் காந்தி உட்பட தலைவர்கள் சிறையில். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. அந்த மாதமே 22 வயது உஷா மேத்தாவும் நண்பர்களும் 'காங்கிரஸ் ரேடியோ'வைத் தொடங்கினார்கள். காங்கிரஸ் மாநாடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டிய சிகாகோ ரேடியோ நிறுவனத்தின் நானக் மோத்வானி கருவிகள் கொடுத்து உதவினார். ஜாம்ஷெட்பூர் வேலைநிறுத்தம், சிட்டகாங் குண்டுவீச்சு என்று பத்திரிகைகள் அச்சிடத் தயங்கிய செய்திகளை மக்கள் இதில்தான் கேட்டார்கள்.

ரகசிய வானொலியின் சங்கடம் விநோதமானது. பேச்சு எல்லோர் காதிலும் விழ வேண்டும். போலீஸ் காதிலும் விழும். அவர்கள் உட்கார்ந்து குறிப்பே எடுத்தார்கள். மறைக்கக்கூடியது ஒன்றுதான்: இடம்.

அதைக் கண்டுபிடிக்கும் வித்தை எளியது. வளைய ஏரியலை மெல்லத் திருப்பிக்கொண்டே போனால், ஒரு நிலையில் ஒலி சட்டென்று மங்கும். அந்த நிலையை வைத்து வரைபடத்தில் ஒரு கோடு. வேறொரு தெருவிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் வீடு. அதனால் ஒலிபரப்பியை வீடு வீடாக மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பதிவு ஓரிடம், ஒலிபரப்பு வேறிடம்.

கடைசியில் அவர்களைப் பிடித்துக்கொடுத்தது அலை அல்ல, ஆள். கருவியைக் கட்டிய நரிமன் பிரிண்டர் என்பவர் போலீசிடம் சிக்கி இடத்தைக் காட்டிவிட்டார். நவம்பர் 12 அன்று போலீசார் கதவை உடைத்து உள்ளே வந்தார்கள். உஷாவுக்கு நான்காண்டு சிறை.

இன்று மறைக்கப் பார்ப்பது இடத்தை அல்ல, பேச்சையே. அதற்காக ஆராய்ச்சியாளர்கள் வீடு மாற்றுவதில்லை, ஆன்டெனாவை மட்டும் நகர்த்துகிறார்கள். 3 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 10 சென்டிமீட்டர்தான்; இரண்டு விரற்கடை தள்ளினாலே, கேட்க வேண்டியவர்களிடம் அலைகள் கூடி வலுக்கவும் ஒட்டுக்கேட்பவரிடம் ஒன்றையொன்று அழிக்கவும் வைக்கலாம். ஒட்டுக்கேட்பவருக்குச் சிக்னல் மோசமாக இருந்தாலே, மறைகுறிச் சாவி இல்லாமல் ரகசியம் காக்க முடியும் என்று 1975இல் பெல் ஆய்வகத்தின் ஆரோன் வைனர் கணக்குப் போட்டுக் காட்டினார். ஏரியல்களைக் கொண்டு அலையைத் திசை திருப்பும் யோசனை அதைவிடப் பழசு: ஜெர்மனியின் பெர்டினாண்ட் பிரவுன் 1905இலேயே மூன்று ஏரியல்களை நட்டு அதைச் செய்திருக்கிறார்.

காங்கிரஸ் ரேடியோவின் அந்த 42.34 மீட்டர், 7 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அமெச்சூர் ரேடியோ அலைவரிசைக்குள் வருகிறது. இன்று உரிமம் வாங்கிய யாரும் மொட்டைமாடியில் பாவு நீளத்துக்குக் கம்பி கட்டி அதில் பேசலாம்.