வழி தவறிய குழாய்

1854-ஆம் ஆண்டு. பாரிஸில் இருந்த மனுவேல் கார்சியா ஒரு பாட்டு வாத்தியார். பாடும்போது தொண்டைக்குள் என்னதான் நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஏக்கம். பல் மருத்துவர்களின் சின்னக் கண்ணாடியை வாங்கி உள்நாக்கருகே வைத்தார். இன்னொரு கண்ணாடியால் வெயிலை அதன்மேல் திருப்பினார். குரல்நாண்கள் திறந்து மூடுவது பளிச்சென்று தெரிந்தது! மருத்துவர்கள் அந்த முறையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் மூச்சுக்குழாயின் ஆழம் இருட்டாகவே இருந்தது. புரையேறி அங்கே விழுந்த பொருளை எடுக்கக் கழுத்தில் கத்தி வைப்பார்கள். அதற்கும் எட்டாவிட்டால், நுரையீரலில் சீழ் பிடித்து உயிர் போகும்.

1868-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் அடுத்த திருப்பம். வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைப் பிடித்துவந்தார் அடால்ஃப் குஸ்மால் என்ற மருத்துவர். வாள் போகுமென்றால் குழாய் போகாதா? 47 சென்டிமீட்டர் உலோகக் குழாய் இரைப்பை வரை இறங்கியது. ஆனால் விளக்கு காலை வாரிவிட்டது. உள்ளே உருப்படியாக எதுவும் தெரியவில்லை. இருந்தாலும், தலையை அண்ணாந்தால் நேரான குழாயை உள்ளே இறக்கலாம் என்பது உறுதியாயிற்று. உணவுக்குழாயைப் பார்க்கும் கருவிகள் ஒவ்வொன்றாக வந்தன. பக்கத்திலேயே இருந்த மூச்சுக்குழாய்க்குள் நுழைய மட்டும் யாருக்கும் துணிவில்லை.

அந்தக் கதவை ஒரு தவறு திறந்தது. உணவுக்குழாய்க்குள் போயிருக்க வேண்டிய கருவி ஒன்று, கைதவறி மூச்சுக்குழாய்க்குள் வழுக்கிவிட்டது. இந்தச் செய்தி பெர்லினில் ஆல்ஃப்ரெட் கிர்ஸ்டைனின் காதுக்கு எட்டியது. தவறிப் போக முடிந்த இடத்துக்குத் தெரிந்தே போனால் என்ன? கொக்கெயின் தடவினால் தொண்டை மரத்துப்போகும் என்பது அதற்குள் தெரிந்திருந்தது. 1895-இல் கண்ணாடி இல்லாமலே குரல்வளையையும் மூச்சுக்குழாயையும் நேராகப் பார்த்தார் கிர்ஸ்டைன். ஆழத்தில் மூச்சுக்குழாயின் சுவர் தாளம் தப்பாமல் துடித்துக்கொண்டிருந்தது. ஒட்டியிருக்கும் பெருந்தமனியின் துடிப்பு அது. அங்கே குழாய் இடித்தால் ஆபத்து என்று அஞ்சி நின்றுவிட்டார்.

அவர் நின்ற இடத்திலிருந்து நடந்தவர் குஸ்டாவ் கில்லியான். ஊர், அதே ஃப்ரைபர்க். மூச்சுக்குழாயும் அதன் கிளைகளும் விறைத்த குழல்கள் அல்ல, மெல்ல நகர்த்தினால் வளைந்துகொடுக்கும் என்று அவர் சோதித்தறிந்தார். அந்த அறிவுக்குப் பரீட்சையாக ஒரு நோயாளி வந்து சேர்ந்தார்.

அவர் 63 வயது விவசாயி. பன்றி எலும்பு ஒன்று புரையேறி உள்ளே போய்விட்டது. மூச்சு முட்டியது, இருமினால் ரத்தம். 1897 மார்ச் 30 அன்று கொக்கெயின் தடவி, உணவுக்குழாய்க்கென்று செய்த கருவியையே மூச்சுக்குழாய்க்குள் இறக்கினார் கில்லியான். வலப்பக்கக் கிளையில் எலும்பு தெரிந்தது. இடுக்கியால் பிடித்தார், அசையவில்லை. மறுபடியும் முயன்றார். கடைசியில் 35 மில்லிமீட்டர் நீள எலும்பு வெளியே வந்தது. கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை!

அமெரிக்காவின் செவாலியர் ஜாக்சன் குழாயின் நுனியிலேயே குட்டி விளக்கைப் பொருத்தினார். ஊக்கு, பொத்தான், நாணயம் என்று மூச்சுக்குழாயிலிருந்தும் உணவுக்குழாயிலிருந்தும் எடுக்கப்பட்ட 2,374 பொருள்கள் அவருடைய சேகரிப்பாக ஃபிலடெல்ஃபியாவின் மூட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆனால் விறைப்பான குழாயால் நுரையீரலின் சின்னஞ்சிறு கிளைகளுக்குள் திரும்ப முடியவில்லை. 1960-களில் ஜப்பானின் ஷிகெட்டோ இக்கேடா, ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழைகளால் அதை வளையவைத்தார். இன்று மருத்துவமனைகளில் சாதாரணமாகச் சொல்லப்படும் ப்ராங்கோஸ்கோப் இப்படித்தான் பிறந்தது.

வேர்க்கடலையை மூச்சுக்குழாயில் சிக்கவைத்துக்கொண்டு வரும் குழந்தைக்கு, மயக்க மருந்து கொடுத்து மருத்துவர்கள் பெரும்பாலும் இறக்குவது இன்றும் கில்லியான் வகை நேர்க்குழாயைத்தான். அந்தக் குழந்தை பிழைப்பதில் இன்னொருவருக்கும் பங்கு உண்டு: குழாய் வழி தவறியதை மறைக்காமல் வெளியே சொன்னவர்.