வெக்கை

பூமணியின் நாவல் 1982இல் வெளிவந்த பிறகு 'வெக்கை' என்ற சொல் நம்மில் பலருக்கு ஒரே அர்த்தத்தில் உறைந்துவிட்டது. கரிசல் மண்ணின் அனல்; அதற்குமேல் அந்த நாவல் ஏற்றிவைத்த வேறொரு அனல். ஆனால் அதே கரிசலில், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துச் சம்சாரிகளின் பாட்டன்மாருக்கு வெக்கை என்றால் முதலில் ஞாபகம் வந்திருக்கக்கூடியது மாட்டைக் கொல்லும் நோய். ஆங்கிலத்தில் ரிண்டர்பெஸ்ட். சர்க்கார் பதிவேடுகளிலும் தமிழில் அதற்கு வெக்கை நோய் என்றே பெயர். சொல்லின் அந்த அர்த்தம் செத்துப்போனதற்குக் காரணம் நோயே செத்துப்போனதுதான். 2011இல் உலகிலிருந்து வெக்கை நோய் ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்தபடி மனிதன் பூமியிலிருந்து அப்புறப்படுத்திய நோய் இது ஒன்றுதான். பெரியம்மை ஒழிந்த கதை பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். வெக்கை ஒழிந்த கதை மாட்டாஸ்பத்திரிச் சுவருக்கு வெளியே வரவே இல்லை.

நோய் எப்படிப்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். முதலில் காய்ச்சல். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். வாய்க்குள் புண் கண்டு எச்சில் ஒழுகும். மாடு தீனி எடுக்காது. பிறகு கழிச்சல். ஒரு வாரம், பத்து நாளில் முடிந்துவிடும். முன்பு நோய் காணாத மந்தையில் நுழைந்தால் பத்தில் எட்டு, ஒன்பது உருப்படிகளைக்கூடக் கொண்டுபோய்விடும். உழவுக்கும், கமலைக்கும், வண்டிக்கும், எருவுக்கும் மாட்டையே நம்பியிருந்த ஒரு ஊரில் இதன் பொருள் என்ன என்று யோசித்துப் பார்க்கலாம். கிணற்றில் தண்ணீர் இருக்கும். இறைக்க மாடு இருக்காது. மழை பெய்திருக்கும்; ஏர் பூட்ட முடியாது. பஞ்சம் என்றால் வானத்தைப் பற்றி மட்டுமே பேசப் பழகியிருக்கிறோம்.

மக்கள் இதை அம்மையின் வகையில் சேர்த்தார்கள். வேப்பிலையும் மஞ்சள் தண்ணீரும் மாரியம்மனுக்கு நேர்த்தியும்தான் வைத்தியம். இதைப் பாமரத்தனம் என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வெக்கை நோயின் வைரசும் மனிதக் குழந்தைகளுக்கு வரும் தட்டம்மையின் வைரசும் நெருங்கிய பங்காளிகள். மனிதன் மாட்டோடு வாழத் தொடங்கிய பிறகு ஏதோ ஒரு காலத்தில் மாட்டின் நோயே தட்டம்மையாகப் பிரிந்தது என்பது இன்று ஆராய்ச்சியாளர் பலர் ஏற்கும் கருத்து. நுண்ணோக்கி இல்லாமலே உறவை ஊகித்தவர்கள் வைத்தியத்தில்தான் தோற்றார்கள்.

சர்க்கார் இதற்குள் வந்தது மாட்டின் மேலுள்ள கருணையால் அல்ல. 1865இல் இங்கிலாந்திலேயே மாட்டுக் கொள்ளைநோய் புகுந்து பெரும் சேதம் விளைவித்தது. அடுத்த வருஷமே, 1866இல், சென்னை ராஜதானியில் கால்நடை நோய்ச் சட்டம் வந்தது. ஹாலன் தலைமையில் அமைந்த விசாரணைக் கமிஷன் 1871இல் அறிக்கை தந்தது. ஹாலன் ராணுவத்து மிருக வைத்தியர். இந்தியாவில் அந்த உத்தியோகமே குதிரைப்படையின் லாயத்திலிருந்து வந்தது. மாடு அதற்குள் நுழைந்தது பின்னால்தான். உழவு நின்றால் கிஸ்தி நிற்கும் என்ற கணக்கு உறைத்த பிறகு காரியங்கள் ஓரளவு வேகம் பெற்றன. 1889இல் பூனாவில் ஆய்வுக்கூடம். அது 1893இல் இமயமலைச் சரிவில் முக்தேஸ்வருக்குப் போனது, நோய்க்கிருமியை ஜனங்களிடமிருந்தும் மந்தைகளிடமிருந்தும் தள்ளிவைக்க. 1892இல் சிவில் கால்நடை இலாகா. 1903இல் சென்னை வேப்பேரியில் கல்லூரி. அங்கே படிப்பு பல்கலைக்கழகப் பட்டமாவதற்கு 1936 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மாடு என்ற சொல்லுக்குத் தமிழில் செல்வம் என்றும் பொருள். ஆங்கிலத்தில் கேட்டில், சாட்டல், கேப்பிட்டல் மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. மொழிகள் மறைக்காமல் சொல்லிவிட்ட இந்த உண்மையின் மேல்தான் கால்நடை டாக்டரின் உத்தியோகமும் கட்டப்பட்டது. அவருடைய நோயாளி ஒரு உயிர். அவரிடம் வந்து நிற்பது அந்த உயிரின் சொந்தக்காரர். சம்பளம் கொடுப்பது மூன்றாவது ஆளான சர்க்கார். மனித டாக்டருக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு கூர்மையாக இல்லை.

ஆனாலும் இந்தக் கணக்குப்பிள்ளைத்தனமான அஸ்திவாரத்திலிருந்துதான் பெரிய காரியம் நடந்தது. முதலில் சீரம் மட்டும் இருந்தது. அதன் காப்பு சில நாட்களுக்கே. 1920களில் முக்தேஸ்வரில் எட்வர்ட்ஸ் வெக்கைக் கிருமியை ஆட்டின் உடலில் திரும்பத் திரும்ப வளர்த்து அதன் வீரியத்தைத் தணித்தார். நோயை உண்டாக்கும் வலு குறைந்து, எதிர்ப்பை உண்டாக்கும் வலு எஞ்சிய தடுப்பூசி கிடைத்தது. அதை ஐஸில் வைத்துக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோக வேண்டும். சென்னையில் தொடங்கிப் பின்பு ராணிப்பேட்டைக்குப் போன நிலையம் நம் பக்கத்துக்கு மருந்து தயாரித்தது. 1954இல் தேசிய ஒழிப்புத் திட்டம் ஆரம்பித்தது: ஐந்து வருஷத்தில் நூற்றுக்கு எண்பது மாடுகளுக்கு ஊசி.

ஐந்து வருஷத்தில் முடியவில்லை. நாற்பது வருஷம் ஆயிற்று. வடக்கே பல மாநிலங்களில் அடங்கிய பிறகும் தெற்கில் நோய் தங்கிக்கொண்டிருந்தது. காரணம் ரகசியமல்ல. எண்பது சதவீதம் என்பது பதிவேட்டில் எட்ட வேண்டிய எண்ணாக மாறிவிட்டால், கைக்கு எட்டுகிற மாட்டுக்கே மறுபடி மறுபடி ஊசி விழும். சந்தைக்கும் மேய்ச்சலுக்கும் போய்க்கொண்டிருக்கிற மாடு தப்பிவிடும். நோய் பிரயாணம் செய்வது அந்த மாட்டோடுதான். மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகச் செங்கோட்டைக் கணவாய் தாண்டிக் கொல்லம் போகும் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு மாடுகள் கேரளத்துக்கு இறைச்சிக்குப் போகிற வழிகளில் அதுவும் ஒன்று. விற்கப்பட்ட மாட்டுக்கு ஊரும் கிடையாது, பதிவேடும் கிடையாது.

காடும் தப்பவில்லை. 1968இல் முதுமலைப் பக்கத்திலும், எழுபதுகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்கு அந்தப் புறமுள்ள பெரியாற்றிலும் காட்டுமாடுகள் வெக்கையில் மடிந்தன. மந்தையும் காட்டு மிருகமும் ஒரே புல்லை மேய்கிற இடத்தில் வன இலாகா வேறு, கால்நடை இலாகா வேறு என்ற பாகுபாடு நோய்க்குத் தெரியாது. இன்று அந்த மலை ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம், 2021லிருந்து.

எனக்கு முக்கியமாகப் படுவது கடைசிக் கட்டம். 1992க்குப் பிறகு வேலையின் தன்மையே மாறியது. ஊசி போட்ட மாட்டின் ரத்தத்தையும் நோய் வந்து பிழைத்த மாட்டின் ரத்தத்தையும் சோதனையில் பிரித்தறிய முடியாது. ஆகவே நோய் போய்விட்டது என்று நிரூபிக்க வேண்டுமானால் ஊசியை நிறுத்த வேண்டும். நாற்பது வருஷமாகப் போட்ட கை சும்மா இருந்து பார்க்க வேண்டும். அதற்குப் பதில் தேடுதல்: கிராமம் கிராமமாக, மாடு நடக்கும் தடங்களில், பிறகு ஆஸ்பத்திரிகளின் நாள்பதிவேடுகளில். வாய்ப்புண், கழிச்சல், கண்ணீர் மூன்றும் சேர்ந்து எந்த வரியிலாவது எழுதப்பட்டிருக்கிறதா என்று பழைய பக்கங்களைப் புரட்டினார்கள். இந்தியாவில் கடைசியாக நோய் கண்டது 1995இல், தமிழ்நாட்டில். இல்லாமையைத் தேடிச் சான்று சேகரிக்கப் பத்து வருஷத்துக்கும் மேல் பிடித்தது. 2006இல்தான் நாடு கிருமியற்றது என்ற அங்கீகாரம் கிடைத்தது. ஒரு குமாஸ்தாவுக்கு இதைவிடப் பெரிய காவியம் இருக்க முடியுமா என்று எனக்குத் தோன்றுகிறது. நம் எழுத்தில் பதிவேடு என்றாலே அதிகாரத்தின் மூடத்தனத்துக்குக் குறியீடு. இங்கே ஒரு உயிரினத்தைக் காப்பாற்றியதில் பாதி பதிவேடு.

இலக்கியத்தில் இதற்குச் சுவடு உண்டா? செல்லப்பாவின் 'வாடிவாச'லில் காளை உண்டு, ஜமீன்தார் உண்டு. டாக்டருக்கு அங்கே வேலை இல்லை, அந்தக் கதைக்கு அவர் தேவையும் இல்லை. ஜெயமோகனின் 'யானை டாக்ட'ரில் டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி இருக்கிறார், அது காடு, அது யானை, கம்பீரம் தானாகவே வந்துவிடுகிறது. ஐஸ் டப்பாவோடு பஸ் ஏறி, தொழுவத்தில் சாணிக்குள் நின்று, பசுவின் கருப்பைக்குள் தோள்வரை கையை விட்டுக் கன்றைத் திருப்புகிற மனிதனுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. 'மாட்டு டாக்டர்' என்பது நம்மிடம் கேலிச்சொல்லாகவே இருக்கிறது.

பாங்கில் இருப்பவனுக்கு இந்த மனிதர் வேறு விதமாகப் பரிச்சயம். கறவைமாட்டுக் கடனில் அவருடைய சான்று இல்லாமல் காகிதம் நகராது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு வாங்கியது. அந்தப் பாலுக்குப் பின்னால் கடனில் வாங்கிய பசுக்கள் எத்தனையோ. பசுவின் வயது, ஈற்று, கறவை, ஆரோக்கியம் இவற்றுக்கு டாக்டர் கையெழுத்து, காதில் வில்லை. மாடு செத்தால் இன்ஷூரன்சுக்கு அந்த வில்லையும் பிரேதப் பரிசோதனைச் சான்றும் வேண்டும். வில்லை இல்லையென்றால் பணம் இல்லை. 2019இல் கோமாரிக்கும் புருசெல்லா நோய்க்கும் எதிராகத் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மாட்டின் காதில் ஏறும் எண் 12 இலக்கம், நம் ஆதாரைப் போலவே. வெக்கையிடம் கற்ற பாடம் அந்த மஞ்சள் வில்லையில் இருக்கிறது: தப்பி நடக்கிற மாட்டையும் எண்ணிவிடு.

நோய்க்குப் பத்தி உண்டு. விலைக்குப் பத்தி உண்டு. வலிக்கு உண்டா? சட்டத்தில் உண்டு. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960இலிருந்து இருக்கிறது. கொடுமை நடந்ததா என்ற கேள்வி வந்தால் பெரும்பாலும் கால்நடை டாக்டரின் வாக்கையே எதிர்பார்க்கிறார்கள். ராஜபாளையம் நாயையே எடுத்துக்கொள்வோம். 2005இல் தபால்தலையில் ஏறியது. சைதாப்பேட்டையில் சர்க்காரே அதை வளர்க்கப் பண்ணை வைத்தது. பெருமைக்குக் காரணமான தூய வெள்ளை நிறத்தோடு காது கேளாமையும் சில குட்டிகளுக்குச் சேர்ந்து வருகிறது. வெள்ளையைக் காப்பாற்றுவதா, காதைக் காப்பாற்றுவதா என்று வைத்தியம் மட்டும் முடிவு செய்துவிட முடியாது. வாங்குகிறவன் நிறத்தைத்தான் கேட்கிறான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் யானை ஜெயமால்யதாவின் விவகாரம் இன்னும் கடினமானது. அஸ்ஸாமிலிருந்து வந்த யானை. 2021 பிப்ரவரியில் தேக்கம்பட்டி புத்துணர்வு முகாமில் அதைக் கட்டிவைத்து அடிக்கும் காட்சி வெளியாகிப் பாகன் கைதானார். 2022இல் மறுபடி சர்ச்சை. அஸ்ஸாம் அரசு யானையைப் பார்த்துவர ஒரு குழுவையே அனுப்பியது. விஷயம் கோர்ட்டுக்குப் போனது. தமிழ்நாட்டு அதிகாரிகள் சொன்ன பதில், யானை ஆரோக்கியமாக இருக்கிறது என்பது. அது பொய் என்று நான் சொல்லவில்லை. எடை, தீனி, நகம், கண் எல்லாம் சரியாகவே இருந்திருக்கலாம். கேட்கப்பட்ட கேள்வி அதுவல்ல. கூட்டத்தோடு திரிய வேண்டிய பிராணி, கல்தரையில் சங்கிலியோடு தனியாக நிற்பது எப்படி இருக்கிறது என்பதே கேள்வி. அதற்கு விடை எழுதப் படிவத்தில் இடமில்லை. 1866இல் தொடங்கிய அந்த உத்தியோகத்திடம் அதை யாரும் கேட்டுப் பழக்கவுமில்லை. இரண்டு மாநிலங்கள் யானையின் சொந்தம் யாருக்கு என்று வாதாடிக்கொண்டிருந்தபோது, அதைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல இரு தரப்புக்கும் வேண்டியிருந்தவர் கால்நடை டாக்டர்தான்.