பெயர் எழுதிய ஏடுகள்

ஓர் ஊரின் வரலாற்றை ஆராய முற்படுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் தேடுவர். வயலுக்கும் குன்றுக்கும் மக்கள் இட்டு வழங்கிய பெயர்களும் வரலாற்றுச் சான்றுகளேயாம். அத்தகைய பெயர்களைத் திரட்டும் பணி அயர்லாந்தில் நடந்த வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

1824-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு அந்நாடு முழுவதையும் அளக்கத் தொடங்கியது. அதன் நோக்கம் மொழி ஆராய்ச்சியன்று, நிலவரியே. மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் படம் வரைந்து, 'டவுன்லண்டு' எனப்படும் சிறு நிலப்பிரிவுகள் 60,000-க்கு மேற்பட்டவற்றின் பெயர்களை அதில் பொறிக்க வேண்டியிருந்தது. அப்பணியின் தலைவர் தாமஸ் கோல்பி. அவர் வகுத்த முறையில் அமைந்த அளவுச் சட்டங்களையே ஜார்ஜ் எவரெஸ்ட் 1830-இல் நம் நாட்டு நில அளவைக்குக் கொணர்ந்தார்.

நிலத்தை அளப்பதினும் பெயரை எழுதுவது கடினமாயிற்று. குடிமக்கள் பலர் பேசியது ஐரிஷ் மொழி. அளக்க வந்தோர் அறிந்தது ஆங்கிலம். நிலக்கிழார் ஒருவாறு எழுதினார். வரி தண்டுவோர் வேறுவாறு எழுதினார். ஆகவே 1830-இல் ஜான் ஓடோனவன் என்னும் ஐரிஷ் மொழிப் புலவர் இப்பணியில் அமர்த்தப்பெற்றார். அவர் ஒவ்வொரு பங்காகச் சென்று, முதியோர் வாய்மொழியைக் கேட்டு, பழஞ்சுவடிகளோடு ஒப்புநோக்கினார். ஒரு பெயரை எவரெவர் எவ்வாறு எழுதினர், அதன் பொருள் யாது, படத்தில் எவ்வாறு எழுதலாம் என்பன பெயரேடுகளில் பதிவாயின.

ஆனால் படத்தில் ஏறியது ஆங்கில வடிவமே. குன்றைக் குறிக்கும் 'க்நோக்' என்னும் சொல் 'நாக்' ஆயிற்று. ஓக் மரச் சோலையைக் குறிக்கும் 'திர்யே' என்பது 'டெரி' ஆயிற்று. படத்தை மட்டும் பார்ப்பவருக்கு அங்கே குன்றுமில்லை, சோலையுமில்லை. பொருள் ஏட்டில் தங்கிற்று.

1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்றுப் பெரும் பஞ்சம் மூண்டது. ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் கடல் கடந்தனர். ஐரிஷ் பேசிய ஏழைக் குடிகளே பெரிதும் அழிந்தனர். பெயர்களைச் சொல்லத்தக்க முதியோர் பலர் அவர்களோடு மறைந்தனர். சில ஆண்டுகள் தாழ்த்திருப்பின் அப்பெயர்களுட் பலவற்றின் பொருளைக் கேட்டறிய இயலாது போயிருக்கும். 1946-இல் ஐரிஷ் அரசு ஊர்ப்பெயர்களின் சொந்த வடிவத்தை ஆராயக் குழு அமைத்தபோது, வரிக்காக எழுதப்பட்ட அவ்வேடுகளே சான்றாக உதவின.

எனினும் தனித்தனி வயல்களின் பெயர்கள் பெரும்பாலும் அப்படங்களில் இடம்பெறவில்லை. மீத் மாவட்டத்தில் உள்ளூர் மக்களே உழவர்களைக் கேட்டு அவற்றைத் திரட்டி, 2013-இல் நூலாக வெளியிட்டனர்.

பிற மாநிலங்களில் வாழும் நாம் விடுமுறைக்கு ஊர் செல்கிறோம். பட்டாவில் நம் வயலுக்கு எண் இருக்கிறது. அதன் பெயரோ பாட்டியின் நாவில்தான் இருக்கிறது. சொன்னவர் யார், சொன்ன பொருள் யாது எனக் குறித்து, அவ்வொலி மாறாமல் எழுதி வருவோமாக.