மட்டக்களப்பு உடன்படிக்கை: ஒரு நட்பின் முப்பதாண்டுகள்

மேற்குக் கரையைப் போர்த்துக்கேயர் கைக்கொண்ட பின்னர், கண்டி மன்னருக்குக் கிழக்குத் துறைகளே வெளியுலகின் வாயில்களாயின. ஒல்லாந்தக் கப்பற்றலைவன் ஸ்பில்பேர்கன் 1602இல் வந்திறங்கியதும் மட்டக்களப்பிலேதான். மறு ஆண்டே அந்நட்பு குருதி சிந்தியது. தான் சிறைப்பிடித்த போர்த்துக்கேயரை விடுவித்த டி வேர்ட், மன்னனின் சினத்துக்கு ஆளாகி இங்கே கொல்லப்பட்டான். பகைவன் ஒருவனேயாயினும் இருவர் நோக்கமும் ஒன்றன்று என்பது அன்றே புலப்பட்டிருத்தல் வேண்டும். ஆயினும், 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவிலே கோட்டை கட்டி அவ்வாயிலையும் அடைத்தபோது, கண்டி மீண்டும் ஒல்லாந்தரையே நாடிற்று.

1638 மே 18இல் அக்கோட்டை வீழ்ந்தது. ஐந்து நாட்களின் பின்னர் இரண்டாம் இராசசிங்கனும் தளபதி வெஸ்டர்வோல்டும் உடன்படிக்கை செய்துகொண்டனர். போர்ச்செலவை மன்னன் கறுவா முதலிய பொருள்களாற் செலுத்துவான். வாணிகத் தனியுரிமை கம்பனிக்கு உரியது. வாவிக்கரையை ஆண்ட வன்னிமைகள் இதில் ஒரு தரப்பாக இடம்பெற்றாரல்லர். பின்னர் எழுந்த பிணக்கெல்லாம் மூன்றாம் வாசகத்தைப் பற்றியது. கைப்பற்றும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை தங்குவது மன்னன் விரும்பினால் மட்டுமே என்ற தொடர் மன்னனிடமிருந்த படியில் உண்டு. ஒல்லாந்த மொழிப் படியில் இல்லை. இதனை எழுதுவோனின் மறதி எனக் கொள்வது கடினம்.

அடுத்து நிகழ்ந்தவை அவ்வையத்தை வலுப்படுத்துகின்றன. கறுவா விளையாத திருகோணமலையும் மட்டக்களப்பும் மன்னனிடம் திரும்பின. கறுவா நிலங்களைச் சார்ந்த காலியும் நீர்கொழும்பும் தீராத கடனுக்கு ஈடாக நிறுத்தப்பட்டன. கடன் எவ்வாறு தீரும்? கணக்கெழுதியவரும் கம்பனியாரே அல்லரோ!

1656இல் கொழும்பு வீழ்ந்தபோது அதன் கதவுகள் இராசசிங்கனுக்குத் திறக்கப்படவில்லை. எனினும், அவனை ஏமாந்த மன்னனாக மட்டுமே காட்டும் வழக்கம் பொருந்தாது. கொழும்பைச் சூழ்ந்த ஊர்களைப் பாழாக்கிக் குடிகளை மலைநாட்டுக்கு அழைத்துச் சென்றான். 1672இல் பிரெஞ்சுக்காரரையும் கொட்டியாற்றுக் குடாவுக்கு வரவேற்றான். அவர்களை ஒல்லாந்தர் அவ்வாண்டிலேயே விரட்டினர். முன்பு திருப்பியளித்த திருகோணமலையை 1665இலும் மட்டக்களப்பை 1668இலும் கம்பனி மீளக் கைக்கொண்டிருந்தது.

நூறாண்டு கழித்து, 1766 உடன்படிக்கையால் கரையோரம் முழுவதும் கம்பனிக்குச் சென்றது. கண்டிக் குடிகள் உப்பெடுப்பதற்கும் அதிலே தனி வாசகம் எழுதவேண்டியதாயிற்று.