காடும் அறிவின் பொதுமையும்: பின்லாந்து அனுபவம் பற்றிய ஒரு குறிப்பு

ஆய்வு முடிவு யாருக்கு உரியது என்னும் வினா எல்லாத் துறைகளுக்கும் பொதுவானதெனினும், காட்டியலில் அது தனி முக்கியத்துவம் பெறுகின்றது. வடபுலத்துப் பைன் மரமொன்று வெட்டும் பருவத்தை எய்தப் பல தசாப்தங்கள் செல்லும். நாற்றை அளந்தவர் அதன் முதிர்ச்சியைக் காண்பது அரிது. ஆகவே, ஒரு தலைமுறை பதிந்துவைத்ததை அடுத்த தலைமுறை தடையின்றிப் படிக்க இயலாதவிடத்து இத்துறையே தேக்கமுறும். இவ்வகையில் பின்லாந்தின் வரலாறு நோக்கத்தக்கது.

அந்நாடு சுதந்திரம் பெற்ற 1917ஆம் ஆண்டிலேயே அதன் வனவியல் ஆய்வு நிறுவனமும் தோன்றியது. ஏற்றுமதியின் பெரும்பகுதி காட்டுப் பொருள்களாக இருந்த அக்காலத்தில், நாட்டில் எவ்வளவு மரம் உண்டு, ஆண்டுதோறும் எவ்வளவு வளர்கின்றது என்பன அரசியற் பொருளாதார வினாக்களாகவே இருந்தன. 1921 முதல் 1924 வரை, ஈர்யோ இல்வெஸ்ஸாலோவின் தலைமையில் நாடளாவிய கணிப்பீடு நடைபெற்றது. தென்மேற்கிலிருந்து வடகிழக்காகச் செல்லும் கோடுகள், பெரும்பாலும் 26 கிலோமீற்றர் இடைவெளியில் வகுக்கப்பட்டு, அவற்றின் வழியே மரங்கள் அளக்கப்பட்டன. முடிவுகள் 1927இல் நூலாக வெளிவந்தன. நிலமற்றோர்க்கு நிலம் வழங்கும் சட்டம் 1922இல் நிறைவேறியிருந்த சூழலில், காட்டின் கணக்கு மரக் கம்பனிகளின் அந்தரங்கமாக இராது அச்சேறியமை சமூக முக்கியத்துவம் உடையதாகும்.

எனினும் அச்சு வெளியீடு, பரிமாற்றத்தின்மூலம் அதைப் பெற்ற நூலகங்களின் எல்லைக்குள்ளேயே நின்றது. நூற்றாண்டின் பிற்பகுதியில் வணிகப் பதிப்பகங்கள் ஆய்வுச் சஞ்சிகைகளைக் கைப்பற்றிச் சந்தாவை உயர்த்தியபோது, வறிய நாடுகளின் நூலகங்கள் மேலும் ஒதுக்கப்பட்டன. இதற்கெதிரான புடாபெஸ்ட் பிரகடனம் 2002இல் வெளிவந்தது. ஆனால், பின்லாந்து வனவியற் சங்கம் 1926இல் தொடங்கியதும், ஆய்வு நிறுவனத்தாரின் எழுத்துகளைத் தாங்கி வந்ததுமான ‘சில்வா பென்னிகா’ சஞ்சிகை, 1990களின் இறுதியிலேயே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கலாயிற்று. அங்கே திறந்த வெளியீடு ஒரு பிரகடனத்தின் விளைவன்று. பழைய பொதுநல மரபொன்றின் தொடர்ச்சியே எனலாம்.

2015 ஜனவரி முதலாந் திகதி அவ்வாய்வு நிறுவனம் வேறு நிறுவனங்களுடன் இணைக்கப்பட்டு, ‘லூக்கே’ என்னும் இயற்கைவள நிறுவனமாயிற்று. நிறுவனத்தின் பெயர் மறைந்தது. அதன் அறிவு மறையவில்லை. சஞ்சிகையின் 1926ஆம் ஆண்டு இதழ்களையும் இன்று எவரும் படிக்கலாம். திறந்த வெளியீட்டின் உண்மையான பயன் இவ்விடத்திலேயே புலனாகின்றது.

ஆயினும் இதனை முழு விடுதலையாகக் கொள்ளல் பொருந்தாது. பல திறந்த சஞ்சிகைகள் வாசகரிடம் அறவிடாத பணத்தை ஆசிரியரிடம் அறவிடுகின்றன. இதனால், படிக்கும் உரிமை பெற்ற வறிய ஆய்வாளர் எழுதும் உரிமையை இழக்க நேரிடலாம். பழைய கட்டுரைகள் பலவற்றின் மொழியும் அயலார்க்கு ஒரு வேலியே. பொதுப்பணத்தில் விளைந்த அறிவு பொதுவுடைமையாதல் வேண்டுமெனின், வாசிப்பின் வாயிலோடு ஆக்கத்தின் வாயிலும் திறக்கப்படுதல் அவசியமாகும்.