விமானப் பயணத்தில் துப்பாக்கி எடுத்துச் செல்லுதல்

விமானப் பயணத்தில் துப்பாக்கி எடுத்துச் செல்லுதல் என்பது, சட்டப்படி தமக்கு உரிமையான துப்பாக்கியையும் அதற்குரிய தோட்டாக்களையும் பயணி ஒருவர், விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அறிவித்து, தாம் ஏறும் விமானத்தின் சரக்கறையிலேயே ஏற்றிச் செல்வதைக் குறிக்கும். வேட்டைக்குச் செல்வோரும், துப்பாக்கி சுடும் போட்டிகளில் பங்குபெறுவோரும், தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்போரும் இவ்வாறு பயணம் செய்கின்றனர். விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும் அவற்றின் அடிப்படை ஒன்றே: பயண நேரம் முழுவதும் துப்பாக்கி உடையவரின் கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும்; துப்பாக்கிக்குள் தோட்டா இருக்கக் கூடாது. வானில் இந்த இரண்டும் பெரும்பாலும் குறைவின்றிக் காக்கப்படுகின்றன; சிக்கல்கள் எழுவதெல்லாம் தரையில், அதாவது விமானம் ஏறுவதற்கு முன்பும் இறங்கிய பின்பும்தான். பொதுமக்களிடம் துப்பாக்கிகள் மிகுதியாக உள்ள அமெரிக்க ஐக்கிய நாட்டில் இதற்கான விதிகள் மிக விரிவாக வகுக்கப்பட்டு, வழக்குமன்றங்களிலும் சோதிக்கப்பட்டிருப்பதால், இக்கட்டுரை அந்நாட்டையே முதன்மையாகக் கொண்டு, இந்திய நிலையை இறுதியில் தொட்டுக்காட்டுகிறது.

1960-களின் பெரும்பகுதியில் அமெரிக்க உள்நாட்டு விமானங்களில் ஏறுவோரின் உடலையோ கைப்பையையோ எவரும் சோதித்ததில்லை. 1968-க்கும் 1972-க்கும் இடைப்பட்ட காலத்தில் அந்நாட்டு விமானங்களில் 130-க்கும் மேற்பட்ட கடத்தல் நிகழ்வுகளும் முயற்சிகளும் நடந்த பிறகே, 1973 ஜனவரி 5 முதல் எல்லாப் பயணிகளையும் அவர்களது கைப்பைகளையும் சோதிப்பது கட்டாயமாக்கப்பட்டது. கடத்தலுக்கு உண்மைத் துப்பாக்கிதான் வேண்டும் என்பதில்லை என்பதை இந்தியா அதற்கு முன்பே கண்டிருந்தது. 1971 ஜனவரி 30 அன்று ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்குப் புறப்பட்ட ‘கங்கா’ என்ற விமானத்தை இரு இளைஞர்கள் பொம்மைக் கைத்துப்பாக்கியையும் மரத்தாலான போலிக் கையெறிகுண்டையும் காட்டியே லாகூருக்குத் திருப்பினர். துப்பாக்கி போலத் தோன்றும் விளையாட்டுப் பொருள்கள் இன்றும் கைப்பையில் அனுமதிக்கப்படாததன் காரணம் இத்தகைய நிகழ்வுகளிலிருந்து விளங்கும். 2001 செப்டம்பர் தாக்குதல்களையடுத்து, அதே ஆண்டு நவம்பரில் நிறைவேறிய சட்டத்தால் அமெரிக்காவில் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் தோன்றி, சோதனைப் பணியைத் தனியாரிடமிருந்து ஏற்றுக்கொண்டது.

இந்நிர்வாகத்தின் விதிப்படி துப்பாக்கி நான்கு நிபந்தனைகளுக்கு உட்பட்டே சரக்கறைக்குச் செல்ல முடியும். அதில் தோட்டா இருக்கக் கூடாது. வளையாத கெட்டிப் பெட்டிக்குள் அது வைக்கப்பட்டிருக்க வேண்டும். பெட்டி பூட்டப்பட்டு, சாவியோ பூட்டின் எண்ணோ பயணியிடம் மட்டுமே இருக்க வேண்டும். துப்பாக்கி உள்ளது என்பதைப் பயணி விமான நிறுவன முகப்பில் வாய்மொழியாகவோ எழுத்திலோ அறிவித்தாக வேண்டும். இவற்றுள் பெட்டியைப் பற்றிய நிபந்தனையே நடைமுறையில் பலரை இடறச் செய்கிறது. துப்பாக்கியை வாங்கும்போது கடையில் கூடவே தரும் பிளாஸ்டிக் பெட்டிகள் பல, நடுவில் ஒரு பூட்டு மாட்டப்பட்ட நிலையிலும், மூலையைப் பிடித்து நெம்பினால் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளக்கின்றன. அவ்வாறு பிளக்கும் பெட்டி பூட்டப்பட்டதாகக் கருதப்படுவதில்லை. பூட்டு மாட்டத் துளைகள் பல இருந்தால் அத்தனையிலும் பூட்டு மாட்டுவதே பழகியவர்களின் வழக்கம். சாதாரணப் பயணப்பெட்டிகளுக்கென விற்கப்படும், சோதனை அதிகாரிகளின் பொதுச்சாவியால் திறக்கக்கூடிய பூட்டுகளைத் துப்பாக்கிப் பெட்டிக்கும் பயன்படுத்தலாம் என்று நிர்வாகம் சொல்கிறது. சாவி பயணியிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்ற விதியோடு இது எப்படிப் பொருந்துகிறது என்பது விளங்கவில்லை. ஆகவே அனுபவமுள்ளோர் அத்தகைய பூட்டுகளைத் தவிர்ப்பதில் நியாயம் இருக்கிறது.

முகப்பில் அறிவித்ததும், துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று உறுதிகூறும் சிறிய அட்டை ஒன்றில் பயணி கையெழுத்திட்டுப் பெட்டியோடு வைக்க வேண்டியிருக்கும். பெட்டியின் வெளிப்புறத்தில் ‘துப்பாக்கி’ என்று எழுதுவதோ அடையாளச் சீட்டு ஒட்டுவதோ கூடாது. அவ்வாறு செய்யுமாறு விமான நிறுவனங்கள் பயணியைக் கட்டாயப்படுத்துவதைக் கூட்டாட்சிச் சட்டமே தடுத்துள்ளது, ஏனெனில் அந்த ஒரு சொல் திருடருக்கு வழிகாட்டும் பலகையாகிவிடும். மேகசின் எனப்படும் தோட்டாச் செருகி, சுடுமுள், துப்பாக்கியின் அடிச்சட்டம் முதலிய உறுப்புகள் தனித்தனியே இருந்தாலும் சரக்கறைக்கே செல்ல வேண்டும். குறிபார்க்கும் தொலைநோக்கி மட்டும் விதிவிலக்கு. விலையுயர்ந்த அக்கண்ணாடியைக் கைப்பையிலேயே கொண்டுசெல்லலாம்.

தோட்டாக்களைப் பொறுத்தவரை, அவற்றுக்குள் வெடிமருந்து இருப்பதால் அபாயப் பொருள்களுக்கான பன்னாட்டு விதிகள் பொருந்துகின்றன. விமான நிறுவனத்தின் ஒப்புதலுடன், சொந்தப் பயன்பாட்டுக்காக, பெட்டியின் எடையும் சேர்த்து ஆளுக்கு 5 கிலோ வரை சரக்கறையில் அனுமதிக்கப்படுகிறது. இருவர் சேர்ந்து பயணம் செய்தால் அவர்களது அளவுகளை ஒன்றாக்கி 10 கிலோவாக ஒரே பொதியில் கட்டக் கூடாது. வெடிக்கும் அல்லது தீமூட்டும் குண்டுமுனை கொண்ட தோட்டாக்களுக்கு இடமே இல்லை. ஏனையவை அட்டை, மரம், பிளாஸ்டிக், உலோகம் ஆகியவற்றுள் ஒன்றால் தோட்டாக்களுக்கென்றே செய்யப்பட்ட பெட்டியில் இருத்தப்பட வேண்டும். பையின் அடியில் உதிரியாக உருளக் கூடாது.

இவ்வளவு தெளிவான வழி இருந்தும், கைப்பையில் துப்பாக்கியோடு சோதனைச் சாவடிக்கு வருவோர் குறையவில்லை. 2023-ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்கச் சாவடிகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றுள் ஏறத்தாழ 93 விழுக்காட்டில் தோட்டா நிரப்பப்பட்டிருந்தது. ‘பையில் இருந்ததை மறந்துவிட்டேன்’ என்பதே பிடிபட்டவர்கள் வழக்கமாகச் சொல்லும் விளக்கம். மறதி தண்டனையைத் தடுப்பதில்லை. 2022 டிசம்பரில் உச்ச அபராதம் 14,950 டாலராக உயர்த்தப்பட்டது, உள்ளூர்க் காவல் துறையின் நடவடிக்கை இதற்குப் புறம்பானது. அபராதத்தைக் கணக்கிடுகையில் ‘தோட்டா நிரப்பிய துப்பாக்கி’ என்ற சொல்லுக்கும் பொருள் விரிகிறது: துப்பாக்கியும் தோட்டாவும் தனித்தனியே இருந்தாலும், இரண்டும் பயணியின் கைக்கு ஒருங்கே எட்டுமானால் அது நிரப்பப்பட்டதாகவே கொள்ளப்படும்.

பயணத்தின் மறுமுனையில் எழும் சிக்கல்கள் வேறு வகையானவை. 2017 ஜனவரி 6 அன்று, அலாஸ்காவின் ஆங்கரேஜிலிருந்து விதிமுறைப்படி அறிவித்துக் கைத்துப்பாக்கியைச் சரக்கறையில் அனுப்பிய ஒருவர், புளோரிடாவின் போர்ட் லாடர்டேல் விமான நிலையத்தில் பெட்டியைப் பெற்றுக்கொண்டு, கழிப்பறைக்குள் தோட்டாக்களை நிரப்பி, பயணப்பெட்டிகள் வந்து சேரும் கூடத்தில் ஐவரைச் சுட்டுக்கொன்றார். துப்பாக்கி உடையவர் கைக்கு மீண்டும் வரும் அந்தக் கணத்தைப் பற்றி விதிகள் எதையும் சொல்லவில்லை என்பதை அந்நிகழ்வு வெளிப்படுத்தியது. சில நிறுவனங்கள் துப்பாக்கிப் பெட்டிகளைப் பொதுச் சுழல்பட்டையில் விடாமல், அலுவலகத்தில் அடையாளச் சான்று பார்த்து ஒப்படைக்கின்றன.

இன்னொரு சிக்கல் மாநில எல்லைகளைச் சார்ந்தது. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் ஒருவர் துப்பாக்கி வைத்திருக்க உரிமை உள்ளவராக இருந்தால், இடைப்பட்ட மாநிலங்களின் கடுமையான சட்டங்கள் அவரைத் தீண்டாமல் 1986-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் காக்கிறது; ஆனால் துப்பாக்கி அவருக்கு எளிதில் எட்டாத நிலையில் இருந்தாக வேண்டும். 2005-இல் யூட்டா மாநிலத்தவர் ஒருவர் பென்சில்வேனியாவுக்குச் செல்லும் வழியில் நியூஜெர்சியின் நூவர்க் நிலையத்தில் தொடர்விமானத்தைத் தவறவிட்டு, பெட்டியைக் கையோடு எடுத்துச் சென்று விடுதியில் இரவு தங்கினார். மறுநாள் காலையில் விதிப்படி முகப்பில் துப்பாக்கியை அறிவித்தபோது கைதானார். குற்றச்சாட்டு பின்னர் கைவிடப்பட்டது. எனினும் அவர் தொடுத்த இழப்பீட்டு வழக்கின் தள்ளுபடியை 2010-இல் உறுதிசெய்த மேல்முறையீட்டு நீதிமன்றம், விடுதியில் இருந்த இரவில் துப்பாக்கி அவருக்கு எட்டும் இடத்தில் இருந்ததால் சட்டப் பாதுகாப்பு பொருந்தாது என்றது. தொடர்விமானம் தவறியதற்கு அவர் பொறுப்பல்லர் என்பதை ஒப்புக்கொண்டே நீதிபதிகள் இம்முடிவுக்கு வந்தனர். எனவே இத்தகைய மாநிலங்களில் இரவு தங்க நேர்ந்தால், பெட்டியைத் திரும்பப் பெறாமல் நிறுவனத்தின் பொறுப்பிலேயே விடுவதோ காவல் துறையிடம் ஒப்படைப்பதோ பாதுகாப்பானது.

இந்தியாவில் துப்பாக்கி உரிமை 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தாலும் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளாலும் ஆளப்படுகிறது. பொதுவாக உரிமம் இல்லாமல் எவரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. அவ்வுரிமம் செல்லும் நிலப்பரப்பும் அதிலேயே குறிக்கப்பட்டிருப்பதால், விமானச் சீட்டு வாங்குவதற்கு முன் இறங்கும் ஊரில் அது செல்லுமா என்று பார்ப்பதே முதல் வேலை. விமான நிலையங்களில் நடக்கும் கைதுகளில் பல, துப்பாக்கியைப் பற்றியவை அல்ல. கைப்பையின் மூலையில் கிடந்த ஒற்றைத் தோட்டாவைப் பற்றியவை. தந்தையோ சகோதரரோ பயன்படுத்திய பையை எடுத்து வந்தவர், எக்ஸ்-கதிர்த் திரையில் அது தெரியும் வரை அதன் இருப்பையே அறியாதிருத்தல் உண்டு. இத்தகைய வழக்குகளில் நீதிமன்றங்கள் ‘அறிந்து வைத்திருத்தல்’ என்ற கோட்பாட்டைக் கையாள்கின்றன. அதாவது பொருள் கையில் இருந்தால் மட்டும் போதாது, அது இருப்பது உடையவருக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும். உச்ச நீதிமன்றம் 1972-இல் குன்வந்த்லால் வழக்கில் விளக்கிய இக்கோட்பாட்டைக் கொண்டு தில்லி உயர் நீதிமன்றம் இத்தகைய வழக்குகள் பலவற்றை ரத்து செய்துள்ளது. ஆயினும் ரத்து ஆணை வரும் வரை வழக்கு நிலுவையில் இருக்கும். பிடிபட்ட தோட்டா ஆய்வுக்கூடம் சென்று, சுடத்தக்கதுதானா என்ற அறிக்கை வந்து சேர வேண்டும். பயணியின் விமானம் அதற்கு வெகு முன்பே புறப்பட்டுப் போயிருக்கும்.